பலாச்சுளையில் பூத்த பூசணம்: சுங்கை சிப்புட் வீடு ஒன்றின் பழ உலர்த்தல் பற்றிய நிகழ்வு ஆய்வு

நடந்தது

மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரம். தோட்டத்து லயத்திலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறி வந்த குடும்பம். வீட்டின் பின்புறம் ஒரு பலா மரம், இரண்டு குத்து பீசாங் எமாஸ் வாழை, வேலியோரம் அன்னாசி. தீபாவளிக்கு முறுக்கு, அச்சு முறுக்குப் போத்தல்களோடு சொந்தக்காரர்களுக்குப் பழ வற்றலும் கொடுக்கலாம் என்று அக்டோபர் தொடக்கத்தில் மூன்று பழங்களையும் காயவைத்தார்கள்.

பலாச்சுளையைக் கொட்டை நீக்கி, கையால் இரண்டாகக் கிழித்தார்கள். வாழைப்பழத்தை நீளவாக்கில் பாதியாகப் பிளந்தார்கள். அன்னாசியை மட்டும் கத்தியால் 4 மி.மீ. கனத்துக்கு மெல்லிசாக அரிந்தார்கள். எல்லாவற்றையும் முறத்தில் பரப்பி, மேலே கொசுவலை மூடி, சமையற்கட்டின் தகரக் கூரைமேல் நான்கு நாள் வைத்தார்கள். தினமும் மூன்று மணி வாக்கில் வானம் இருட்டியதும் இறக்கி, ஒரே பேசினில் கொட்டி, துணி போட்டு மூடி வைத்தார்கள். ஐந்தாம் நாள் மின் ஓவனில் 100 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, சூடு ஆறுவதற்குள் சிவப்பு மூடி போட்ட பலகாரப் போத்தல்களில் கழுத்துவரை அடைத்தார்கள்.

மூன்றாவது வாரத்தில் பலாப் போத்தலில் வெள்ளைப் பஞ்சு போல் பூசணம் தெரிந்தது. இரண்டே நாளில் அது பச்சையாகிவிட்டது. வாழைப் போத்தலைத் திறந்தபோது கள் வாடை வந்தது, துண்டுகள் பிசுபிசுத்தன. அன்னாசி மட்டும் கெடவில்லை. ஆனால் போத்தலிலிருந்து கொட்ட முடியாதபடி ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டம்மா சொன்ன வார்த்தையிலிருந்துதான் இந்த ஆய்வு தொடங்குகிறது: “நல்லாத்தானே காஞ்சிருந்துச்சு. கையில ஒட்டவே இல்ல. இதே கூரையில போட்ட மாங்கா வத்தல் போன வருசத்துலேருந்து அப்படியே இருக்கு.”

அவர் சொன்ன இரண்டும் உண்மை. கையில் ஒட்டவில்லை, மாங்காய் வற்றலும் கெடவில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் நம்பித்தான் பழம் கெட்டது.

மாங்காய் வற்றல் ஏன் தப்பியது

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்த வற்றல் முறைகள் பெரும்பாலும் உப்பை நம்பியவை. மாங்காய், சுண்டைக்காய், மோர்மிளகாய் எல்லாமே அப்படித்தான். உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கும். அதோடு, உள்ளே எஞ்சும் நீரையும் பூசணத்துக்குக் கிடைக்காதபடி பிடித்து வைத்துக்கொள்ளும். உணவுத் துறையில் இப்படிக் கிடைக்கும் நீரின் அளவை நீர்ச் செயல்பாடு என்பார்கள். வெறும் தண்ணீருக்கு அது 1. உப்பு இனிமேல் கரையாது என்னும் அளவுக்குக் கரைந்த நீரில் அது 0.75. மாங்காய் வற்றல் வெயிலில் அதற்கும் கீழே இறங்கிவிடும். பச்சை மாங்காயில் சர்க்கரை குறைவு, புளிப்பு அதிகம் என்பதால் அது மொறுமொறுவென்று காயவும் செய்யும்.

இந்நாட்டுச் சமையலில் அசாம் கெப்பிங் என்று புழங்கும் கெலுகோர்ப் புளியும் அப்படியே. மெல்லிய வில்லை, கடும் புளிப்பு, சர்க்கரை சொற்பம். எளிதாகக் காயும், காய்ந்தபின் பிசுக்காது.

பழுத்த பலா அந்த இனம் இல்லை. அதில் உப்பு கிடையாது, புளிப்பும் சொல்லும்படி இல்லை. சர்க்கரைதான் நிறைய. சர்க்கரையும் நீரைப் பிடித்து வைக்கும் என்றாலும் எடைக்கு எடை பார்த்தால் உப்பளவுக்குப் பிடிக்காது. அதனால் பூசணத்தைத் தடுக்கும் வேலை முழுவதையும் உலர்த்தலே செய்தாக வேண்டும். சாதாரணப் பூசணங்கள் பெரும்பாலானவை நீர்ச் செயல்பாடு 0.7க்குக் கீழே வளராது. வறட்சியைத் தாங்கும் சில பூசணங்களும், சர்க்கரையைத் தாங்கும் ஈஸ்டும் 0.62 வரைக்கும் தாக்குப்பிடிக்கும். 0.6க்குக் கீழே எதுவும் வளராது. நீண்ட நாள் வைக்க வேண்டிய பழத்தைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய இடம் அதுதான். ஈரக் கணக்கில் சொன்னால், பெரும்பாலான பழங்களுக்கு 15 முதல் 20 விழுக்காடு வரை.

எடை சொன்ன கதை

இந்த வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. எத்தனை போத்தல் தேறும் என்று தெரிந்துகொள்ள, மகள் காயப்போடும் முன்பும் போத்தலில் அடைக்கும் முன்பும் பழத்தை நிறுத்து நோட்டில் எழுதி வைத்திருந்தார். என்ன தவறு நடந்தது என்பதை அந்த ஆறு எண்களிலிருந்தே கண்டுபிடிக்க முடிந்தது.

பழத்திலிருந்து போவது நீர் மட்டுமே. சர்க்கரை, நார், மாவு எல்லாம் அப்படியே நிற்கும். இதை உலர்பொருள் என்போம். பழுத்த பலாச்சுளையில் சுமார் 74 விழுக்காடு நீர், 26 விழுக்காடு உலர்பொருள். வாழைப்பழத்தில் நீர் சுமார் 75, அன்னாசியில் 86. முடிவில் 18 விழுக்காடு ஈரம் இருக்க வேண்டுமானால், உலர்பொருளின் எடையை 0.82ஆல் வகுத்தால் நிறுத்த வேண்டிய எடை கிடைக்கும்.

பலா: 3,000 கிராம் சுளை. உலர்பொருள் 780 கிராம். நிற்க வேண்டிய எடை 951 கிராம். போத்தலில் போனது 1,150 கிராம். அதாவது ஈரம் 32 விழுக்காடு. ஏறக்குறைய ஒரு குவளைத் தண்ணீர் அதிகமாக உள்ளே இருந்தது.

வாழை: உரித்தது 2,000 கிராம். நிற்க வேண்டியது 610. அடைத்தது 700. ஈரம் 28 விழுக்காட்டுக்கும் மேல்.

அன்னாசி: தோலும் நடுத்தண்டும் நீக்கி 1,500 கிராம். நிற்க வேண்டியது 256. அடைத்தது 262. ஈரம் 20 விழுக்காடு.

பூசணம் எதில் வந்தது, கள் வாடை எதில் அடித்தது, எது தப்பியது என்பதை இந்த எண்களே வரிசைப்படுத்திவிடுகின்றன. கை ஏமாறும், தராசு ஏமாறாது. 1 கிராம் துல்லியமுள்ள சமையல் தராசுதான் பழம் உலர்த்தும் வீட்டுக்கு முதலில் வேண்டிய கருவி, உலர்த்தும் பெட்டிகூட அதற்குப் பிறகுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன நீர் அளவுகள் சராசரி. மழையில் பழுத்த அன்னாசிக்கும் வெயிலில் பழுத்ததற்கும் வேறுபாடு இருக்கும். துல்லியம் வேண்டுவோர் அதே பழத்தில் 50 கிராமை மிக மெல்லிசாக அரிந்து, எடை இனிக் குறையாது என்னும் வரை தனியாகக் காயவைக்கலாம். எஞ்சுவதே அந்தப் பழத்தின் உலர்பொருள். 50 கிராம் 12 கிராமாக நின்றால் அந்தப் பழத்தில் 24 விழுக்காடு.

காற்றிடம் உள்ள சிக்கல்

வெயிலில் பழம் காய வேண்டுமானால் வெப்பம் 30 டிகிரிக்கு மேலும், காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழும் இருப்பது நல்லது. முதல் நிபந்தனை பேராக்கில் வருடம் முழுவதும் கிடைக்கிறது. இரண்டாவதுதான் கிடைப்பதில்லை. மழையில்லாத நடுப்பகலில் ஈரப்பதம் 60ஐ ஒட்டி இறங்கும். பொழுது சாய்ந்ததும் ஏறத் தொடங்கி, இரவில் 95ஐ எட்டும். காற்றின் ஈரப்பதம் 80 என்றால், அந்தக் காற்றோடு ஒரே சூட்டில் கிடக்கும் பழம் 0.8க்குக் கீழே காயவே முடியாது. எத்தனை நாள் வைத்தாலும் அங்கேயே நிற்கும். வெயில் நேரடியாகப் பட்டுப் பழம் காற்றைவிடச் சூடாக இருக்கும்போது மட்டுமே அதற்குக் கீழே இறங்கும். நிழல் விழுந்ததும் திரும்ப உறிஞ்சும்.

இந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் ஐந்தாறு மணி நேரம் காய்ந்தது, பதினெட்டு மணி நேரம் பேசினில் குவியலாகக் கிடந்தது. காய்ந்த ஓரங்கள் ஈரமான நடுத்துண்டுகளிடமிருந்தும் இரவுக் காற்றிடமிருந்தும் நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டன. அந்தக் குவியலில்தான் வாழைப்பழத்தில் ஈஸ்ட் பெருகத் தொடங்கியிருக்க வேண்டும்.

மாதமும் தவறு. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களும் ஏப்ரல், மே மாதங்களும் பருவக்காற்று மாறும் காலம். பிற்பகல் இடிமழை வழக்கம். பிப்ரவரியையும் ஜூன், ஜூலையையும் ஒட்டித்தான் மழை குறையும். தீபாவளியைக் குறிவைத்துக் காயப்போட்டால் வருடத்தின் மோசமான நேரம் வந்து அமைகிறது. அந்த மாங்காய் வற்றல் ஜூனில் போட்டது என்பதும் விசாரித்தபோது தெரிந்தது.

மின் உலர்த்திப் பெட்டி இந்தச் சிக்கலை எப்படி உடைக்கிறது என்று பார்த்தால் தெளிவு கிடைக்கும். 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை 57 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. மழை கொட்டும்போது 27 டிகிரியில் 95 விழுக்காடு இருந்தாலும் சூடாக்கியபின் அதே 20தான், ஏனென்றால் அந்த இரண்டு காற்றிலும் உள்ள நீராவியின் அளவு கிட்டத்தட்ட ஒன்றே. வெயிலை நம்பினால் மழை எல்லாவற்றையும் கெடுக்கும். பெட்டியில் போட்டால் மழை ஒரு பொருட்டே இல்லை.

மற்ற தவறுகள்

100 டிகிரி ஓவன். பலாவைக் கெடுத்ததில் பெரிய பங்கு இதற்கு உண்டு. பழத்தின் உள்ளிருந்து நீர் மேற்பரப்புக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். அதைவிட வேகமாக மேற்பரப்பைக் காயவைத்தால் அங்கே சர்க்கரை இறுகித் தோல் கட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் நீர் வெளியே வர வழி அடைபடும். தொட்டால் காய்ந்தது போலிருக்கும், ஒட்டாது. ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் பளபளவென்று ஈரம் தெரியும். போத்தலில் இருக்கும் நாட்களில் அந்த நடு ஈரம் மெல்ல வெளியே பரவித் தோலை நனைக்கும். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாமல் மூன்றாவது வாரத்தில் பூத்ததற்குக் காரணம் இதுதான்.

கனம். கையால் கிழித்த சுளை ஓரத்தில் 4 மி.மீ., நடுவில் 10 மி.மீ. என்றிருக்கும். கனம் இரட்டித்தால் காயும் நேரம் இரட்டிப்பதோடு நிற்பதில்லை, அதற்கும் மேல் போகும். ஒரே தட்டில் இரண்டு கனம் இருந்தால் மெல்லியது கருகும், கெட்டியானது காயாது.

சூட்டோடு அடைத்தது. சூடான பழத்திலிருந்து வெளிவரும் ஆவி மூடியின் உட்புறத்தில் துளியாகப் படிந்து, மேலே இருக்கும் துண்டுகளில் சொட்டியது. பூசணம் மேலடுக்கில் தொடங்கியது தற்செயல் இல்லை. அன்னாசி கட்டியானதும் இதே காரணத்தால்: சூட்டில் இளகிய சர்க்கரை, அழுத்தி அடைத்த துண்டுகள், ஆறியதும் ஒட்டுப் பிடித்துக்கொண்டது.

போத்தல். பலகாரப் போத்தலின் சிவப்பு மூடியில் ரப்பர் வளையம் கிடையாது. முறுக்கே சில வாரத்தில் நமத்துப்போகிறதென்றால் பழம் எப்படித் தாங்கும்?

பூத்த பலாவை மேலே சுரண்டிவிட்டு மீதியைச் சாப்பிடலாமா என்று அந்த வீட்டில் கேட்டார்கள். கூடாது. பூசணத்தின் வேர்கள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்; சில பூசணங்கள் விடும் நஞ்சு சூட்டிலும் அழியாது. பலாப் போத்தல் முழுவதும், கள் வாடை அடித்த வாழை முழுவதும் குப்பைக்குப் போயின. போத்தல்களைச் சோப்பிட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்தபின்தான் வேறு எதற்கும் எடுக்க வேண்டும்.

திருத்தி மறுபடி உலர்த்தியது

அதே வீட்டில், அதே மழை மாதத்தில், பின்பக்கம் காற்றாடி உள்ள ஐந்து தட்டு மின் உலர்த்திப் பெட்டியில் மறுபடி செய்யப்பட்டது. காற்று பக்கவாட்டில் வரும் பெட்டியில் தட்டுகள் ஓரளவு ஒரே சீராகக் காயும். அடியிலிருந்து ஊதும் வட்டப் பெட்டியில் இரண்டு மணிக்கு ஒரு முறை தட்டுகளை மேலும் கீழும் மாற்ற வேண்டும்.

பலாவுக்கு முதல் வேலை அதன் பிசின் பால் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது. கத்திக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். சுளை மணம் விட்டு, அழுத்தினால் இன்னும் விறைப்பாக இருக்கும் பருவம் நல்லது. தெக்காம் மஞ்சள் எனப்படும் ஜே33 போன்ற கெட்டிச் சுளை இரகம் நன்றாக வரும். கொழகொழ சுளை தட்டில் ஒட்டிக்கொள்ளும். கொட்டையையும் அதைச் சுற்றிய மெல்லிய உறையையும் நீக்கி, 6 மி.மீ. அகல நீளத் துண்டுகளாக அரிய வேண்டும். 2,000 கிராம் சுளை இப்படி அரிந்து தட்டில் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பப்பட்டது. பெட்டி 57 டிகிரி.

வாழைப்பழம் தோலில் புள்ளி விழத் தொடங்கிய பருவத்தில் எடுக்கப்பட்டது. புள்ளி விழாததில் மாவு அதிகம், சவசவவென்றிருக்கும். தோல் கறுத்தது கையில் நசுங்கும். 6 மி.மீ. வட்டமாக அரிந்து, கஸ்தூரி எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சம அளவு கலந்த நீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடித்தார்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் வைட்டமின் சி தூள் ஒரு தேக்கரண்டியை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து 5 நிமிடம் ஊறவைத்தாலும் போதும். அதில் புளிப்புச் சுவை குறைவாக ஏறும். இரண்டும் பழம் கறுப்பதைக் குறைக்கும். புளிப்பு ஏறிய பழத்தில் உலர்த்தும்போது கிருமிகளும் கூடுதலாக மடியும் என்பதால், புளிப்புக் குறைந்த வாழைக்கும் பலாவுக்கும் இந்த ஊறலைத் தவிர்க்காமல் செய்வது நல்லது. கடையில் மின்னும் நிறத்தில் கிடைக்கும் உலர்பழங்களில் பெரும்பாலும் கந்தகச் சேர்மம் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடும். வீட்டுக்கு அது தேவையில்லை.

அன்னாசி 5 மி.மீ. கனம். ஊறல் வேண்டாம், அதன் புளிப்பே போதும்.

நேரத்தைப் பொதுவாகத்தான் சொல்ல முடியும்: இந்தக் கனத்தில் வாழை 8 முதல் 12 மணி, பலா 10 முதல் 14, அன்னாசி 12 முதல் 18. பெட்டியை எப்போது நிறுத்துவது என்பதை மணி சொல்லாது. ஒவ்வொரு தட்டின் வெறும் எடையையும் ஒட்டுத்தாளில் எழுதித் தட்டிலேயே ஒட்டிவிட்டால் பழத்தோடு தூக்கி நிறுத்துக் கழித்துக்கொள்ளலாம். எட்டு மணி நேரத்துக்குப் பிறகு மணிக்கொரு முறை நிறுத்தால் போதும். நிற்க வேண்டிய எடை, ஒரு கிலோவுக்கு: பலா 317 கிராம், வாழை 305, அன்னாசி 171.

எடை நெருங்கியதும் ஒரு துண்டை எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் கிழித்துப் பார்க்க வேண்டும். சூட்டில் எல்லாப் பழமும் மெத்தென்றுதான் இருக்கும். அதைப் பார்த்து மேலும் காயவைத்துக் கல்லாக்கிவிடுபவர்கள் உண்டு. ஆறிய துண்டு வளைய வேண்டும், மடித்தால் தன்னோடு ஒட்டக்கூடாது, கிழித்த இடத்தைப் பிதுக்கினால் நீர்த்துளி எட்டிப் பார்க்கக்கூடாது.

பெட்டியைச் சோறு பொங்கும் அடுப்புக்குப் பக்கத்தில், சன்னல் மூடிய சமையற்கட்டில் வைப்பது வீண். 2 கிலோ பலாவிலிருந்து ஒன்றேகால் லிட்டருக்கு மேல் தண்ணீர் அந்த அறைக் காற்றில்தான் கலக்கிறது. அது வெளியேற வழி வேண்டும். மின்சாரக் கணக்கு கேட்பவர்களுக்கு: 500 வாட் பெட்டி 12 மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் 6 யூனிட்தான், சூடு எட்டியதும் தானே நின்று நின்று ஓடும் என்பதால் அதற்கும் குறையும். தட்டுகள் நிறையப் போட்டு ஓட்டுவதே சிக்கனம்.

ஈரத்தைச் சமப்படுத்தல்

பலர் விட்டுவிடும் படி இது. பழம் எடைக்கு வந்துவிட்டாலும் ஒரு துண்டில் 14 விழுக்காடு, இன்னொன்றில் 23 என்று ஈரம் ஏறுமாறாகவே இருக்கும். அந்த 23 போதும் பூசணத்துக்கு.

பழத்தை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை முழுக்க ஆறவிட வேண்டும். அதற்கு மேல் திறந்து வைக்கக் கூடாது, நம் காற்று உடனே ஈரத்தை ஏற்றிவிடும். பிறகு ரப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் போத்தலில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும், அழுத்தாமல் போட்டு மூட வேண்டும். 7 முதல் 10 நாள் வரை தினமும் ஒரு முறை குலுக்கிவிட வேண்டும். ஈரமான துண்டிலிருந்து காய்ந்த துண்டுக்கு நீர் நகர்ந்து எல்லாம் ஒன்றுபோலாகும். கண்ணாடியின் உட்புறம் மூடுபனி போல் படிந்தாலோ, குலுக்கியும் துண்டுகள் பிரியாவிட்டாலோ உடனே பெட்டிக்குத் திருப்பிப் போட வேண்டும்.

இந்த வீட்டில் இன்னும் ஒரு படி செய்யப்பட்டது. போத்தலுக்குள் சிறிய மின்னணு ஈரமானி ஒன்று போடப்பட்டது. மூடிய போத்தலில் காற்றின் ஈரப்பதம் பழத்தின் நீர்ச் செயல்பாட்டோடு சமமாகி நிற்கும். மானி 60 காட்டினால் பழம் 0.6. மலிவான மானிகள் சில விழுக்காடு பிசகும் என்பதால் முதலில் சரிபார்க்க வேண்டும். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈரமணல் போலாகும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து நெகிழிப் பையில் கட்டி ஒரு பகல் வைத்தால் அது 75 காட்ட வேண்டும். 78 காட்டினால் எப்போதும் 3 கழித்துப் படிக்க வேண்டியதுதான்.

பலா 640 கிராமில் நிறுத்தப்பட்டது, கணக்குப்படி வேண்டியது 634. மறுநாள் போத்தலில் மானி 66 காட்டியது. கை சோதனையில் தேறிய பழம்தான் அது. மறுபடி இரண்டு மணி நேரம் பெட்டியில் வைத்தபின் எடை 622; மானி 57க்கு இறங்கி அங்கேயே நின்றது. முதல் முறை போத்தலில் அடைத்தபோது இந்த மானி இருந்திருந்தால் மறுநாளே தெரிந்திருக்கும்.

சேமிப்பு

நன்றாகக் காய்ந்த பழம் 16 டிகிரியில் ஒரு வருடம் தாங்கும் என்றால் 27 டிகிரியில் ஆறு மாதம்தான். நம் சமையற்கட்டு பகலில் 30ஐத் தாண்டும். தகரக் கூரைக்கு அடியில் இன்னும் மேலே. கெடாவிட்டாலும் நிறம் கறுத்து, மணம் போய்விடும். ஆகையால் வருடம் முழுக்க வைக்க வேண்டியது ஐஸ் பெட்டியில்தான் இருக்க வேண்டும். உறைபெட்டி இன்னும் நல்லது. 100, 150 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து வைத்தால் ஒன்றைத் திறக்கும்போது மற்றவை ஈரக் காற்றைக் காணாது. குளிர்ந்த போத்தலை வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின்தான் மூடியைத் திறக்க வேண்டும். சில்லென்று திறந்தால் காற்றிலுள்ள ஈரம் பழத்தின்மேல் வியர்த்துப் படியும்.

காற்றை உறிஞ்சி அடைக்கும் பை உள்ளவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: அது காற்றை எடுக்கும், பழத்திலுள்ள தண்ணீரை எடுக்காது. ஈரப் பழத்தை அதில் அடைத்துக் காப்பாற்ற முடியாது.

பெட்டி இல்லாத வீடு

காற்றாடி உள்ள மின் ஓவனில் 60 டிகிரி வைக்க முடிந்தால் அதில் செய்யலாம். கதவை நாலு விரல் திறந்து, மரக்கரண்டியைச் செருகி, ஆவி வெளியேற வழி விட வேண்டும். உலர்த்திப் பெட்டியைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். குறைந்த சூடே 100 என்று இருக்கும் ஓவன் இதற்கு உதவாது. கேஸ் ஓவனைக் கதவு திறந்தபடி மணிக்கணக்கில் எரியவிடுவது ஆபத்து, அது வேண்டவே வேண்டாம்.

வெயிலையும் பயன்படுத்த விரும்பினால் முதல் பகல் மட்டும் பயன்படுத்துங்கள். பழத்தில் நீர் நிறைய இருக்கும்போது நம் காற்றிலும் அது வேகமாக இறங்கும். கடைசி நீர்தான் இறங்க மறுக்கும். காலை ஒன்பதுக்கு வெளியே வைத்து, மூன்று மணிக்கு இறக்கி, நேராக ஓவனில் வைத்து அன்று இரவே முடித்துவிட வேண்டும். இரவுக் குவியல் கூடாது. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், அடியிலும் காற்று ஓடும்படி வலைத்தட்டில் வைப்பது தகரத்தின்மேல் வைப்பதைவிட நல்லது. உரச் சாக்கை விரித்துக் காயவைக்கும் பழக்கம் தோட்டப் பக்கம் இன்னும் இருக்கிறது. சாக்கில் எஞ்சிய உரம் பழத்தில் ஏறும். துத்தநாகம் பூசிய கம்பி வலையும் ஆகாது, பழப் புளிப்பு அதை அரிக்கும். பழைய வீட்டுக் கல்நார்க் கூரைமேல் எதையும் காயப்போட வேண்டாம். வெயிலில் ஒரு பொழுதாவது கிடந்த பழத்தில் பூச்சி முட்டை இருக்கக்கூடும். போத்தலில் போடும் முன் உறைபெட்டியில் கழித்தல் 18 டிகிரியில் 48 மணி நேரம் வைத்தால் அவை சாகும்.

வெயில் மட்டுமே உண்டு என்றால், பழுத்த பழத்தை விட்டுவிடுங்கள். உப்பிட்ட மாங்காய், கெலுகோர்ப் புளி இரண்டையும் ஜூன், ஜூலையில் போடுவதே சரி.

மற்ற பழங்கள்

அரைப்பழுப்பிலுள்ள பப்பாளி நன்றாக வரும், முழுக்கப் பழுத்தது குழையும். கொய்யாவைக் கொட்டைப் பகுதி நீக்கி உலர்த்தலாம். டுரியானில் கொழுப்பு இருப்பதால் உலர்த்தினால் சிக்கு வாடை ஏறும். ரம்புத்தானில் உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை. பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) நட்சத்திர வில்லையாக அழகாக உலரும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பழம் நஞ்சு. வீட்டுக்கு வருபவர்களுக்கு நீட்டும் தட்டில் அதை வைக்க வேண்டாம். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களும் எடைக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும்: 32 கிராம் உலர்ந்த பலாவில் 100 கிராம் சுளையின் சர்க்கரை முழுவதும் இருக்கிறது.

பலாவுக்கு உறவான செம்படாக் பழம் துண்டாக உலராது, அதைத் தகடாக்க வேண்டும். சுளையைக் கொட்டை நீக்கி அரைத்து, ஒரு கிலோ விழுதுக்கு இரண்டு மேசைக்கரண்டி கஸ்தூரி எலுமிச்சைச் சாறு சேர்த்து, கொதிக்கவிட்டு, நார் போக வடிகட்டவும். பேக்கிங் தாள் விரித்த தட்டில் நடுவில் 3 மி.மீ., ஓரம் கொஞ்சம் கூடுதல் கனமாக ஊற்ற வேண்டும். ஓரம்தான் முதலில் காயும். 60 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம். நடுவில் விரல் வைத்தால் பள்ளம் விழாமல், தாளிலிருந்து கிழியாமல் உரிந்து வந்தால் ஆயிற்று. தாளோடு சுருட்டி, துண்டு போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் உறைபெட்டியில் வைக்கவும். வெளியே வைத்தால் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.